உதைக்கு முன் ஒரு கும்பிடு

பின்னாளில் அவர் பல ஊர் மேடைகளில் பட்டம் வாங்கினார். குத்து, உதை, மல்லுப்பிடி மூன்றையும் கலந்து போடும் சண்டையில் சாம்பியன். சென்னையில் ஒரு தடவை நீல விளக்குகளுக்குக் கீழே கைதூக்கி நின்றவரைப் பார்த்தேன். ஆனால் அவரை நினைத்தால் எனக்கு அந்த விளக்குகள் வருவதில்லை. அவர் கால் எதிராளியின் விலாவில் படுகிறது. உடனே வலது கை காவலை விட்டு இறங்குகிறது. பட்ட இடத்தைத் தொடுகிறது. அப்புறம் கையுறையோடு மெல்லக் கண்ணுக்கு ஏறுகிறது. குளத்துத் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல அவ்வளவு நிதானம்.

கால் பட்டால் தொட்டுக் கும்பிடுவது நம்மில் யாரும் யோசித்துச் செய்வதல்ல. பஸ்ஸில், பந்தியில், கொட்டகை இருட்டில் கை தானாகப் போகிறது. உதைப்பதையே தொழிலாக எடுத்துக்கொண்டவருக்கும் அந்தக் கை அப்படியே இருந்துவிட்டது.

நான் அப்போது பெரம்பலூர் கலெக்டர் ஆபீசில் கண்காணிப்பாளர். சண்டைக்கும் எனக்கும் இருந்த ஒரே தொடர்பு, மாவட்டச் சங்கத்தில் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்த ஆள் நான் மட்டும்தான் என்பது. அதனால் என்னை நேரக் காப்பாளர் ஆக்கினார்கள். மணி அடிப்பவன் என்பதற்கு அது கௌரவமான பெயர்.

அவர் எறையூர் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆலைக்குப் பக்கத்தில் ஒரு காலி கிட்டங்கியில் பயிற்சி. அரவை மாதங்களில் அங்கே காற்றே பாகாக இருக்கும். மூச்சை இழுத்தால் தொண்டை இனிக்கும். மாலை வெயில் ஓட்டு இடுக்குகளில் கம்பி கம்பியாக இறங்கும். அதற்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதுபோல இருக்கும். சுகமான தூக்கம்.

பயிற்சி கொடுத்தவர் லெப்பைக்குடிகாட்டு பாய் ஒருவர். வளைகுடாவில் காவலாளி வேலை பார்த்தபோது பல தேசத்து ஆட்களிடம் இந்தக் கலையைக் கற்றுக்கொண்டு வந்தவர். அந்தக் கும்பிடை ஒழிக்க அவர் செய்யாத வேலையில்லை. கையைத் துண்டால் தாடையோடு சேர்த்துக் கட்டினார். கைக்குப் பதில் தலை குனிந்தது. உமி அடைத்த மூட்டையை உதைக்க விட்டார். நெல்லின் உமியாயிற்றே என்று மூட்டைக்கும் ஒரு கும்பிடு விழுந்தது.

"சார், நீங்களே சொல்லுங்க. மூட்டைகிட்ட மன்னிப்பு கேக்குறவனை வச்சிக்கிட்டு நான் என்னா பண்றது? யா அல்லா!" என்றார் பாய்.

"விதியில் தடையில்லை பாய்," என்றேன்.

"தடையில்ல. பல்லுதான் இருக்காது."

அதுதான் நடந்திருந்தது. மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் முந்தைய மாவட்டத் தேர்வில் அவர் அருமையாக ஒரு உதை விட்டார். கை இறங்கியது. அரியலூர்ப் பையன் அந்த இடைவெளியில் முகத்தில் குத்தினான். பல் தப்பியது, தேர்வு போயிற்று. அதற்குப் பிறகு எல்லாருக்கும் ரகசியம் தெரிந்துவிட்டது: உதையை வாங்கிக்கொள், அவன் கும்பிடுவான், அப்போது அடி.

இந்தத் தடவை தோற்றால் சண்டையையே விட்டுவிடுவது என்று அவர் வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். பாயின் தம்பி துபாயிலிருந்து டிரைவர் விசா ஏற்பாடு செய்திருந்தார். ஜெயித்தால் மாநிலப் போட்டி, இல்லாவிட்டால் விமானம். தேர்வு முடிந்த கையோடு பதில் சொல்ல வேண்டும்.

தேர்வுக்கு முந்தின மாலை அவர் மனைவி கிட்டங்கிக்கு வந்தார். செந்துறைப் பக்கத்துக்காரர், பேச்சில் கத்தரிக்கோல் உண்டு. மூட்டையும் கும்பிடுமாக நடந்த பயிற்சியைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"செந்துறை பஸ்ஸுல நிக்கிறப்ப எத்தன பேரு கால மிதிக்கிறோம்? ஒவ்வொருத்தனுக்கும் குனிஞ்சு கும்புட்டா அரியலூரு எப்ப போயிச் சேர்றது?" என்றார்.

"அதுக்கு என்ன பண்ணச் சொல்ற?" என்று கேட்டார் அவர்.

"ஏறையிலயே எல்லாருக்கும் சேத்து ஒண்ணு போட்டுட்டு ஏறு. அதுக்கப்புறம் மிதி."

பாய் வாய்விட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காரியம் முடிந்தபிறகு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒப்புதல் கேட்பதைவிட, முன்கூட்டியே மொத்தமாக அனுமதி வாங்குவதுதான் முறை. என் பணிக்காலம் முழுக்க மேலதிகாரிகளுக்குப் புரியவைக்க முடியாததை அந்த அம்மாள் ஒரு பஸ்ஸை வைத்துச் சொல்லிவிட்டார்.

அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, பிறகு எங்களோடு திரும்பச் சேர்த்திருந்த சமயம் அது. எனவே இரண்டு ஊருக்கும் ஒரே தேர்வு. அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முதல்நாள் முகூர்த்தத்தின் வாழைமரங்கள் வாசலில் அப்படியே நின்றன. மணமேடை இருந்த இடத்தில் கயிறு கட்டி ரிங். இறுதிச் சுற்றில் எதிரே நின்றது அதே அரியலூர்ப் பையன். சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குகிறவன், நல்ல உயரம்.

நான் மணியை எடுப்பதற்குள் இவர் நேராக அவனிடம் போனார். இரண்டு தோளையும் தொட்டார். கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"எதுக்குண்ணே?" என்றான் பையன்.

"இனிமே படப்போறதுக்கெல்லாம் சேத்து."

பையனின் ஆட்கள் என் மேசைக்கு ஓடிவந்தார்கள். "சார், மணி அடிக்கறதுக்கு முன்னாடியே தொட்டுட்டாருங்க. இது ஃபவுலுங்க!"

"மணி அடிக்கும்வரை இது கல்யாண மண்டபம்," என்றேன். "மண்டபத்துல யாரும் யாரையும் கும்பிடலாம். போய் உக்காருங்க."

மணி அடித்தேன்.

முதல் உதை விலாவில் விழுந்தது. வலது கை இறங்கத் தொடங்கியது. பையன் அதற்காகவே காத்திருந்தான். அவன் குத்து கிளம்பிவிட்டது. மேலே மின்விசிறி சுற்றுவது தனித்தனி இறக்கையாக எனக்குத் தெரிந்தது. இறங்கிய கை நெஞ்சருகே நின்றது. எதையோ ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல ஒரு கணம் அங்கேயே மிதந்தது. பிறகு தாடைக்குத் திரும்பிப் போனது. குத்து வெறும் முழங்கையில் மோதியது. நிலைதவறிய பையனை இடுப்போடு பிடித்துத் தூக்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோலத் தரையில் போட்டார். அடுத்த ரவுண்டில் இன்னும் பல உதைகள். கை அசையவே இல்லை. மூன்றாவது ரவுண்டின் பாதியில், தரையில் பிடியில் சிக்கிய பையன் விரிப்பைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டான்.

"ஏண்ணே, கும்புடவே மாட்டேன்னுட்டீங்க," என்றான் படுத்தபடியே.

"அதான் வாங்கிக்கிட்டியே தம்பி." இவர் கைகொடுத்து அவனைத் தூக்கிவிட்டார். இவர் உதடும் கிழிந்திருந்தது.

அவர் மனைவியும் சேர்ந்து நால்வரும் பஸ்ஸுக்காக வெளியே வந்து நின்றோம். பாய் எதிரே இருந்த டெலிபோன் பூத்துக்குப் போய்த் தம்பியிடம் பேசிவிட்டு வந்தார்.

"வேற டிரைவரப் பாருன்னுட்டேன். ஏன் வரல, கை கால் ஒடஞ்சு போச்சான்னு கேக்குறான். இல்லடா, ஜெயிச்சுப்புட்டான்னேன். நம்ப மாட்டேங்கிறான்."

"துபாய்க்குன்னு புதுசா பேன்ட்டு தச்சு வச்சிருக்கு பாய். அத இனி யாரு போடுறது?" என்றார் மனைவி.

"மாநிலப் போட்டிக்குப் போட்டுக்கிட்டுப் போகட்டும்மா."

"பேன்ட்டுல எப்படி உதைப்பாரு?"

அவர் சிரிக்க முயன்று உதட்டைப் பிடித்துக்கொண்டார். சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களைக் கடந்துபோனது. அது கிளப்பிய வெள்ளைப்புழுதி நால்வர் மேலும் அவசரமில்லாமல் இறங்கியது. பெரம்பலூர் பஸ் வரும்வரை யாரும் அதைத் தட்டிவிடவில்லை.