செபம் வந்தது, பேச்சு வரவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். மாதா செய்த புதுமையை, அந்த அற்புதத்தை மறுக்கிறான் என்று எங்கள் ஆட்களே மனம் வருந்துவார்களோ என்ற பயம். நான் அதிகம் படித்தவனும் இல்லை. மலேசியாவில், கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்ந்தவன்.

ஒரு ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது எல்லாரும் பேசுவது புரிந்தது. என் வாயில்தான் "அது, அது" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் செபமாலை சொல்ல வந்தார்கள். அதில் ஒவ்வொரு மாதா செபத்திலும் ஒருவர் முற்பாதி சொல்ல மற்றவர்கள் பிற்பாதி சொல்வது வழக்கம். மனைவி முற்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். பிற்பாதி என் வாயிலிருந்து தடங்கலே இல்லாமல் முழுசாக வந்தது. எல்லாரும் அழுதுவிட்டார்கள், நானும்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் அக்காள் அன்றைக்கே பூச்சோங், செராஸ் என்று சொந்தபந்தம் முழுக்கப் போன் போட்டு, தம்பிக்குப் பேச்சு வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

பேச்சு வரவில்லை. செபம் மட்டும்தான் வந்தது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் இல்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சிக்கு நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். "மாதாவே வாயத் திறந்துட்டாங்க. இன்னும் அங்க போனா அவங்கள நம்பாத மாதிரி ஆயிடும் லா" என்றாள் அக்காள். மனைவியும் தலையாட்டினாள். பாசத்தில் செய்ததுதான். போகாமலே மாதங்கள் ஓடின.

ஒரு மத்தியானம் மூத்திரம் முட்டியது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தால் அந்தப் பிற்பாதிதான் வந்தது. மறுபடி முயன்றேன், மறுபடியும் அதுவே. அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, பக்கத்தில் முழங்காலிட்டு முற்பாதியைச் சொன்னாள். நான் அவசரப்பட அவசரப்பட, அவள் இன்னும் உருக்கமாகச் சொன்னாள். கைலி நனைந்து தரையில் ஓடியபோதுதான் நிறுத்தினாள்.

என் முகத்தையே பார்த்தாள்.

"என்னங்க, இத்தன நாளா நீங்க செபிக்கலையா? என்னையவா கூப்பிட்டீங்க?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

மறுநாளே மகளைக் கார் எடுக்கச் சொன்னாள். பயிற்சி கொடுக்கும் மிஸ் எங்களைத் திட்டவில்லை. மனப்பாடமான செபம் தானாக ஓடி வரும், சொந்தமாக ஒரு வார்த்தையைத் தேடி எடுப்பது வேறு வேலை என்றார். செபமாலையில் செய்வது போலவே மனைவி பாதி சொல்லி நிறுத்தட்டும், மீதியை நான் முடிக்கட்டும் என்றார்.

அப்படியே செய்தோம். "எனக்குத் தண்ணி..." என்று அவள் இழுத்து நிறுத்துவாள். நான் திணறித் திணறி "வேணும்" என்பேன். "அப்பா தண்ணி கேக்கிறதுக்குள்ள ஒரு செபமாலையே முடிஞ்சிடும்" என்று மகள் கேலி செய்வாள். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. இப்போது மெதுவாகப் பேசுகிறேன். கோபம் வந்தால் இன்றும் பேச்சு நின்றுவிடும்.

மாதா எனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். செபத்தை வாயில் வைத்தவரும் அவர்தான், அந்த மிஸ்ஸிடம் கொண்டுபோய் விட்டவரும் அவர்தான். ஆனால் செபக் கூட்டங்களில் என் கதையைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். போன மாதம் டெங்கிலிலிருந்து ஓர் அம்மா வந்தார். அந்தப் பாதியைக் கேட்டுவிட்டு, பேச்சு விழுந்த தன் கணவரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போவதை நிறுத்திவிட்டாராம். அதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

இதை யாரிடம் சொன்னாலும், தயவுசெய்து ஆஸ்பத்திரியையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.