சுவருக்கு மேலே போன பாட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் பக்கத்து வீட்டில் சுடுதண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள். அங்கே ஏசுவைக் கும்பிடும் வேதக்காரர்கள் நாங்கள் மட்டும்தான்.

நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வரும் எனக்கு மாலை ஜெபம் பெரிய பாரமாக இருக்கும். என் கணவர் விடமாட்டார். "அசதிதான் புள்ள. ஒரு பாட்டாவது பாடிட்டுப் படுப்போம்" என்பார். எந்த நாளும் அதே பாட்டு. இரண்டாம் சரணம் அவர் நினைவில் நிற்காது; முதல் சரணத்தையே மறுபடியும் பாடுவார். திருத்தித் திருத்தி எனக்கு அலுத்துவிட்டது.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து அவர் போய்விட்டார். வட்டவளைப் பக்கம் மண் சரிந்ததால் போதகர் வர முடியவில்லை. பெட்டியை மூடும் நேரம் வந்தது. பாட வேண்டியவள் நான்தான். வாயைத் திறந்தேன், சத்தமே வரவில்லை.

பக்கத்து வீட்டுப் பாக்கியம், நெற்றி நிறையத் திருநீறோடு வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க அழுங்கக்கா. நாங்க பாடுறோம்."

அவள் தொடங்க, லயமே சேர்ந்து பாடியது. முதல் சரணம் முடிந்தது. அவரைப் போலவே, அதே சரணத்தை மறுபடியும் பாடினார்கள்.

அப்போதுதான் கதறினேன்.

இப்போதும் சில மாலைகளில் மனசு வராமல் படுத்துக் கிடப்பேன். சுவருக்கு மேலாகப் பாக்கியத்தின் குரல் வரும்: "அக்கா, இன்னும் பாடலியே?"

எழுந்து உட்கார்ந்து பாடுவேன். இரண்டாம் சரணம் எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதைப் பாடுவதில்லை.