கலா எழுதிய சி பிளஸ் பிளஸ்

காற்று அடித்தால், தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டு மண் வாயில் கரகரக்கும். அதனால் எங்கள் கம்ப்யூட்டர் சென்டரில் ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனால், ஈரக் கம்பளமும் சூடான மானிட்டரும் கலந்த ஒரு வாடை... எட்டுப் பேருக்கு மூன்று கம்ப்யூட்டர்.

2001. சுரங்கத்தை மூடிய வருஷம்.

கேஜிஎஃப் என்கிற எங்கள் கோலார் தங்கவயலில் வீட்டுக்கு வீடு ஓர் ஆள் வேலை போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். தலைமுறை தலைமுறையாக எங்கள் ஆட்களைக் கீழே இறக்கித் தங்கம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு நோட்டீஸோடு முடித்துக்கொண்டார்கள். எங்களுக்கு மிச்சமிருந்தது பெங்களூருக்குப் போகும் காலை ரயில்தான். அங்கே சி பிளஸ் பிளஸ் என்ற கம்ப்யூட்டர் மொழி தெரிந்தால் வேலை என்றார்கள்.

பாடம் நடத்திய சார் எங்களைவிட இரண்டு அத்தியாயம் முன்னால் இருந்தார், அவ்வளவுதான். "கிளாஸ் என்றால் கார். ஆப்ஜெக்ட் என்றால் உங்கள் வீட்டில் நிற்கிற கார்" என்பார். சுரங்கக்காரர்களுக்கு ஒட்டி ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் ஏது கார்?

கலாதான் காப்பாற்றினாள். தங்கவயலிலேயே பாலகாட் சுரங்கப் பக்கத்துப் பெண், என் வயசு. அவள் அப்பா சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் வாயில் நின்று ஆட்களை எண்ணிக் கூண்டில் ஏற்றி இறக்கியவர்.

"கார வுடுங்கடா. டிரில்லர்ன்றது ஒரு வேல, அதான் கிளாஸ். டோக்கன் எடுத்துனு கீழ எறங்கறாரு பாரு ஒரு ஆளு... அவுருதான் ஆப்ஜெக்ட்."

"அப்போ உங்கப்பா இன்னா?" என்றேன்.

"எங்கப்பா ஸ்டாடிக்டா. ஆளுக்கு ஒண்ணு கெடயாது, மொத்த ஷாஃப்டுக்கும் ஒருத்தர்தான்."

என்கேப்சுலேஷன் என்ற வார்த்தையைப் பார்த்தாலே எங்களுக்குப் பயம். அதையும் அவள்தான் உடைத்தாள். "கயிறு சுத்தற இன்ஜின் ஓட்றவரு கூண்டையே பாக்கமாட்டாரு. மணி எத்தினி அடிக்குதுன்னு கேட்டுனு கயித்த வுடுவாரு. உள்ள யாரு கீறாங்க, இன்னா கொழம்பு எடுத்துனு போறாங்க... அவுருக்கு எதுக்கு?"

அதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

ஷாஃப்டில் ஒரு வழக்கம் இருந்தது. இறங்கும்போது பலகையிலிருந்து பித்தளை டோக்கனை எடுத்துக்கொள்வார்கள். ஏறி வந்ததும் திரும்ப மாட்டுவார்கள். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் ஷிஃப்ட் முடியாது. கலா அதை அப்படியே புரோகிராமுக்குள் கொண்டுவந்தாள். ஓர் ஆப்ஜெக்ட் பிறந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அழிந்தால் ஒன்று குறையும்; அழிக்கிற பகுதிக்கு டிஸ்ட்ரக்டர் என்று பெயர். எல்லாம் முடிந்தபின் கீழே எத்தனை பேர் என்று கடைசியாக ஒரு வரி வரும். அது பூஜ்யமாக இருக்கவேண்டும். யாரும் எங்களை இப்படிச் செய்யச் சொல்லவில்லை. எட்டுப் பேரும் செய்தோம்.

பெங்களூரில் ஒரு கம்பெனியில் தேர்வு வைத்தார்கள். நானும் கலாவும் போனோம். அவள் வீட்டுக்குச் சம்பளம் வருவது நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளுக்குக் கீழே படிக்கிற தம்பிகள் இரண்டு பேர். அந்த வேலை என்னைவிட அவளுக்குத்தான் அவசரம்.

லைப்ரரிக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம். எனக்கு விடை சரியாக வந்தது. கடைசி வரியில் மட்டும், மூன்று. அந்த வரியை யாரும் கேட்கவில்லையே... அழித்தேன். கொடுத்துவிட்டு எழுந்தேன்.

கலாவுக்கும் விடை சரிதான். கடைசி வரியில் ஒன்று. அவள் எழவில்லை.

நேரம் முடிந்ததும் தேர்வு நடத்தியவர் அவளருகே வந்தார். மெட்ராஸ்காரர். "அவுட்புட் கரெக்டா வந்திருக்கேம்மா, ஏன் குடுக்கலை?"

"ஒருத்தர் இன்னும் கீழ கீறாரு சார்."

"யாரு?"

"அதான் சார் தேடினு கீறேன்."

பின்வரிசையில் சிரித்தார்கள். "கேஜிஎஃப்பா?" என்றார் அவர். அந்த ஒரு கேள்வியிலேயே எங்கள் ஊரையும் பேச்சையும் எடைபோட்டு முடித்துவிட்ட குரல். கையை நீட்டி மெஷினை அணைத்தார். அவள் எழுதியது எதுவும் கணக்கில் சேரவில்லை.

சாயங்காலம் ஒட்டிய பட்டியலில் நான் இருந்தேன். அவள் இல்லை.

திரும்பும் ரயிலில் ஹால் டிக்கெட்டின் பின்பக்கம் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக வந்தாள். அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். பங்காரப்பேட்டை தாண்டியதும் என் தோளில் ஓங்கி ஒரு அறை.

"டேய், கெடச்சிட்டான்டா! பேஸ் கிளாஸ் டிஸ்ட்ரக்டர் முன்னாடி விர்ச்சுவல்னு போடல. அதான் மேல இருந்தத மட்டும் அழிச்சிட்டு, உள்ள இருந்தத அப்டியே வுட்டுட்சி!"

ஒரே ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. வேலையை இழந்தவளின் முகமாக அது இல்லை. மாட்டிக்கொண்ட ஆளை மேலே தூக்கிவிட்டவளின் முகம்.

அப்புறம் என்னைப் பார்த்துச் சொன்னாள், "உன்னுது சுத்தமா வந்திருக்கும். அதான் எடுத்துனாங்க. நல்லா இருடா."

நான் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் வேறொரு இடத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது. இன்று பெரிய சர்வர்கள் மூச்சுத்திணறி நின்றால் கூப்பிடுகிற ஆட்களில் அவள் ஒருத்தி. எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

இப்போதைய மொழிகளில் இந்தத் தொல்லை குறைவு. அழிக்காமல் விட்டுப்போனதை அவையே பெரும்பாலும் பொறுக்கிக்கொள்ளும். என் டீமில் இருக்கும் பிள்ளைகளுக்கு டிஸ்ட்ரக்டர் என்பது இன்டர்வியூவுக்குப் படிக்கிற ஒரு வார்த்தை. வசதிதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் வேலை முடிந்ததா என்று அன்றைக்கு நாங்களே எண்ணிப் பார்த்தோம். இன்றைக்கு டெட்லைன் வந்துவிட்டால் முடிந்தது. இந்தப் பழக்கத்துக்கு ஊர் உலகம் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தவன் நான்.

கலா, இதை நான் போடுகிற இந்த வாட்ஸ்அப் குரூப்பில் நீயும் இருக்கிறாய். படிப்பாய்.

என்னுடையது சுத்தமாக வரவில்லை. கீழே மூன்று பேர் இருந்தார்கள். தெரிந்தேதான் விட்டுவிட்டு வந்தேன்.