சுற்றறிக்கையில் என் கையெழுத்து

அந்தக் கையெழுத்தை இப்போதும் என்னால் அப்படியே போட்டுக் காட்ட முடியும். பள்ளியின் சுற்றறிக்கை நோட்டில், கணக்கு ஆசிரியரின் கையெழுத்துக்குக் கீழே, தமிழாசிரியரின் கையெழுத்துக்கு மேலே, கடைசி எழுத்து இழுபட்டு ஒரு வால் விழுந்திருக்கும். கையில் சாக்பீஸ் தூள் இருந்ததால் பேனா வழுக்கிவிட்டது. அந்தக் காலத்தில் பியூன் வகுப்பு வாசலில் வந்து நின்று, நோட்டைப் பிரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டுவார். நாங்கள் பாடத்தை நிறுத்தாமலே எட்டிக் கையெழுத்துப் போடுவோம். கொடிநாள் வசூல், அம்மை ஊசி, அதிகாரி வருகை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். யாராவது நின்று படித்தால் பியூனுக்கே கோபம் வரும். "இன்னும் ஆறு கிளாஸ் போவணுங்க சார், சீக்கிரம் போடுங்க" என்பார். நானும் போட்டேன். அது ஒரு ஐப்பசி மாதத்துப் பிற்பகல், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

அறுபதுகளின் கடைசியில் தருமபுரிப் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றில் நான் டிராயிங் ஆசிரியர். பூவும் மாம்பழமும் வரையச் சொல்லித் தருகிற டிராயிங் இல்லை. பதினோராம் வகுப்பில் இன்ஜினியரிங் பிரிவு எடுத்த பையன்களுக்கு இயந்திர வரைபடம் சொல்லித் தருகிற வேலை. அதற்கு முன்பு ஓர் அலுவலகத்தில் இரண்டு வருடம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து, வேலை போய், தற்காலிக ஆசிரியராக இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன் நான். வகுப்பில் பதினெட்டுப் பையன்கள். பாதிப் பேர் சோளக்கொல்லையிலிருந்து நேரே வருகிறவர்கள், சிலர் மொரப்பூரிலிருந்து ரயிலில் வருகிறவர்கள். கோடு போடும் டீ ஸ்கொயர் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊருக்குள் நடக்கும்போது அவர்களுக்கு ஒரு மிதப்பு இருக்கும். தமிழில் புத்தகம் கிடையாது. நான் கரும்பலகையில் போடுவதுதான் அவர்களுக்குப் புத்தகம். அதில் எனக்கும் ஒரு மிதப்பு இருந்தது, அதை மறைப்பானேன்.

விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பொருளை முன்னால் நின்று பார்த்தால் தெரிவது எலிவேஷன், மேலே இருந்து பார்த்தால் தெரிவது பிளான். இரண்டையும் ஒரே தாளில் வரைய வேண்டும். முதல் கோண முறை என்று ஒன்று உண்டு, அதில் பிளானை எலிவேஷனுக்குக் கீழே வரைய வேண்டும். மூன்றாம் கோண முறையில் மேலே வரைய வேண்டும். பக்கத் தோற்றமும் இடம்வலம் மாறும். அவ்வளவுதான் வித்தியாசம். இன்று என் பேரன் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் கீழே இருப்பது மேலே போய் உட்கார்ந்துகொள்கிறது. நான் கற்றது முதல் கோண முறை, அதனால் கற்பித்ததும் அதுதான். ஒரு நாள் ஒரு பையன் எழுந்து, "மேல இருந்து பாத்தத ஏங்க சார் கீழ வரையணும்? மேலதானுங்களே இருக்கணும்?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. "நீ என்ன புதுசா சட்டம் போடறியா? சொன்னதை வரை" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான்.

கேட்டவன் தகரக்கடை பாயின் மகன். பஸ் நிலையத்துக்குப் போகிற வழியில் பாயின் கடை இருந்தது. மண்ணெண்ணெய்ப் புனல், எண்ணெய் அளக்கும் படி, காடா விளக்கு, டிரங்குப் பெட்டிக்கு மூடி என்று தகரத்தில் எது கேட்டாலும் செய்து தருவார். அளவு குறிக்கும் வழக்கமே கிடையாது. தகரத்தை ஒருமுறை பார்ப்பார், கத்தரி தானாக வளைந்து போகும். மகனைச் சேலத்துப் பாலிடெக்னிக்கில் சேர்ப்பதுதான் அவருடைய ஒரே நினைப்பு. அதற்காக அவனைக் கத்தரியைத் தொடவே விடமாட்டார். தகரம் கிழித்து விரலில் காயம் பட்டால் டிராயிங் தாளில் ரத்தக்கறை படியுமாம். "அவன் விரலு உங்களுக்குங்க சார், எனக்கில்ல" என்று என்னிடமே சொல்வார். நான் கடையைக் கடக்கும்போது, எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும், மடியில் இருக்கும் தகரத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று சலாம் வைப்பார். பையனும் அதற்குத் தகுந்தவன்தான். அவன் கோடு போட்டால் தாளில் மயிரிழையாக விழும், அழித்த தடம் இருக்காது. என் பதினெட்டுப் பேரில் அவனை மிஞ்ச ஆளில்லை.

பொதுத்தேர்வு அன்று பாட ஆசிரியர் தேர்வு அறைப்பக்கம் போகக்கூடாது. நான் சைக்கிள் ஸ்டாண்டு அருகே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். முதலில் வெளியே வந்தவன் பாயின் மகன்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. கேள்வித்தாளை என்னிடம் நீட்டி, "எல்லாம் வரைஞ்சிட்டேனுங்க சார். மூன்றாம் கோண முறையில் வரைகன்னு போட்டிருந்தாங்க. அப்படின்னா என்னன்னு தெரியலீங்க, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே வரைஞ்சிட்டேன். சரிதானுங்களே?" என்றான். நான் தாளைப் பார்த்தேன். கேட்ட முறையில் வரையாத படத்துக்கு மதிப்பெண் கிடையாது என்று அடியில் அச்சிட்டிருந்தது. "சரிதான், போ" என்றேன். முதல் பொய் அது.

நேரே அலுவலக அறைக்குப் போய்ச் சுற்றறிக்கை நோட்டைப் புரட்டினேன். இந்த ஆண்டு முதல் மூன்றாம் கோண முறையே கற்பிக்கப்பட வேண்டும் என்று நான்கே வரியில் இருந்தது, கீழே வால் நீண்ட என் கையெழுத்தும். தலைமையாசிரியரிடம் சொன்னேன். துறைக்கு எழுதுவோம், பையன்கள்மேல் தப்பில்லை என்று நான் ஒப்புக்கொள்கிறேன், திருத்துகிறவர்கள் பார்த்துப் போடட்டும் என்று கெஞ்சினேன். அவர் கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "எழுதலாம்யா. எழுதினா முதல்ல இந்த நோட்டைத்தான் கேப்பாங்க. உங்க வேலை இன்னும் நிரந்தரமாகல. வூட்டுல வேற மாசமா இருக்காங்க. யோசிச்சுச் சொல்லுங்க, நாளைக்கே எழுதிடலாம்" என்றார். மறுநாள் நான் அவர் அறைப்பக்கம் போகவில்லை. அவரும் கூப்பிடவில்லை. எங்கள் இருவருக்குள்ளும் அதைப் பற்றி அதற்கப்புறம் ஒரு பேச்சும் இல்லை.

அந்த இரண்டு மாதக் கோடை விடுமுறையை எப்படிக் கழித்தேன் என்று சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. திருத்துகிறவர் இரக்கப்பட்டு மதிப்பெண் போட்டுவிட வேண்டும் என்று தெரிந்த சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டேன். ஜூன் மாதம் முடிவு வந்தது. பதினெட்டில் பதினொரு பேர் என் பாடத்தில் தேறவில்லை. குறிப்புகளை உருப்போட்டு எழுத்துக் கேள்விகளை எழுதியவர்களும், பட்டறை வேலையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தவர்களும் எப்படியோ தப்பித்துக்கொண்டார்கள். வரைபடம் காப்பாற்றும் என்று நம்பி மற்றதை மேலோட்டமாகப் படித்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பாயின் மகன் அவர்களில் ஒருவன்.

இரண்டாம் நாள் பாய் பள்ளிக்கு வந்தார். மகனின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஆசிரியர் அறை வாசலில், நாலு பேர் பார்க்க, அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்க பேரக் கெடுத்துட்டானுங்க சார். அவ்ளோ கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுத்தீங்க. நாய் மாதிரி சுத்திட்டு இருந்திருக்கான். மன்னிச்சிருங்க" என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. பையன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு அப்போது எதுவும் தெரியாது. தான் எங்கே தவறினோம் என்று என் முகத்தில் தேடினான். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருந்தால் வேலைதான் போயிருக்கும், உயிர் போயிருக்காது. "பரவாயில்லை விடுங்க பாய், அடிக்காதீங்க" என்றேன். மன்னித்தேன். என்னால் தோற்றவனை அவன் தகப்பன் கேட்டுக்கொண்டதற்காக நான் மன்னித்தேன். இதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை என் ஆயுளில் நான் செய்ததில்லை.

அடுத்த வாரம் அவன் சான்றிதழ் வாங்க வந்தபோது நான் புதிய வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில் பிளான் மேலே இருந்தது. எலிவேஷன் கீழே இருந்தது. அவன் வாசலில் நின்றுவிட்டான். ரொம்ப நேரம் பலகையைப் பார்த்தான். "பரீட்சையில கேட்டது இதுதானுங்களா சார்?" என்று மெதுவாகக் கேட்டான். நான் பலகைப் பக்கம் திரும்பி, வரைந்திருந்த கோட்டின்மேலேயே இன்னொரு முறை கோடு போட்டேன். திரும்பிப் பார்த்தபோது வாசலில் ஆள் இல்லை. செப்டம்பரில் மறுதேர்வு இருந்தது. மற்ற பத்துப் பேரில் சிலர் எழுதித் தேறினார்கள். அவன் எழுதவில்லை.

பிறகு அவனும் தகரக்கடையில் உட்கார்ந்தான். அதே விரல்கள், அதே கத்தரி. நான் தினமும் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், வேறு பாதை கிடையாது. பாய் எழுந்து நிற்பார், சலாம் வைப்பார். அவன் எழுந்ததில்லை. வேலையை நிறுத்திவிட்டு என்னையும் பார்ப்பான், அவன் தகப்பனையும் பார்ப்பான். நான் தலையை ஆட்டிவிட்டு நடையைக் கட்டுவேன். அந்த வருடம் முடிவதற்குள் ஒரு நாள் அவன் இடம் காலியாக இருந்தது. "பெங்களூர் பக்கம் போயிட்டானுங்க சார்" என்றார் பாய், என் முகத்தைப் பார்க்காமல். கடிதம் ஏதும் வருவதில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு வேலை நிரந்தரமானது. மகள் பிறந்தாள், மகன் பிறந்தான். பாய் எழுந்து நிற்பது மட்டும் நிற்கவில்லை. எட்டு வருடம் அந்தச் சலாமை வாங்கிக்கொண்டு நடந்தேன். சில நாள் அவர் குனிந்து வேலை செய்வதைத் தூரத்திலேயே கவனித்து, அவர் நிமிர்வதற்குள் ஓட்டமும் நடையுமாகக் கடந்துவிடுவேன்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சாமான்களை லாரியில் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனேன். வழக்கம்போல எழுந்து நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. உட்காருங்க என்றேன், உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அந்த வருடம் பையன் தேறாதது அவன் குற்றமில்லை, முறை மாறியதை நான் கவனிக்காமல் பழையதையே சொல்லிக் கொடுத்துவிட்டேன், அவன் வரைந்தது அத்தனையும் நான் சொன்னபடி சரியாகத்தான் இருந்திருக்கும், என் வேலைக்குப் பயந்து இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், கையிலிருக்கும் கத்தரியை வீசுவார் என்று எதிர்பார்த்தேன். வீசினால் நிம்மதியாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"இதத்தானுங்க சார் அவனும் சொன்னான்" என்றார் பாய். "சர்டிபிகேட் வாங்கிட்டு வந்த அன்னிக்கே சொன்னான். சாருதான் தப்பா சொல்லிக் குடுத்துட்டாருன்னு. நான் நம்பலீங்க. படிக்காம தோத்துட்டு வாத்தியாரு தலையில பழியப் போடறியான்னு அடிச்சேன். அப்படி இருந்தா சாரே வந்து சொல்லியிருப்பாரு, தெனமும் இந்த வழியாத்தானே போறாருன்னு சொன்னேன். அவனும் பாத்துக்கிட்டே இருந்தானுங்க. அப்புறமும் அதயே சொன்னான். பொய் சொல்றவனுக்கு என் வூட்டுல சோறு இல்லன்னுட்டேன். அன்னிக்குப் போனவந்தானுங்க."

கத்தரியைக் கீழே வைத்தார். என் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றார்.

"அப்ப அவன் பொய் சொல்லலீங்களா சார்?"

இல்லைங்க பாய் என்றேன். அவர் மறுபடியும் அதையே கேட்டார்.