அறிவித்தலில் முதல் பெயர்

அப்பா இறந்த மறுநாள், ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் எங்கள் சமையலறை மேசையில், மரண அறிவித்தல் எழுத நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். ‘பாசமிகு தந்தையும்’ என்ற இடத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது. அப்பாவுக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். நான் ஒருத்தி. மற்றவர், மன்னாரில் அப்பா விட்டுவிட்டு வந்த முதல் மனைவியின் மகன். பல வருடங்களாகக் கொலோனில் இருக்கிறார், ரயிலில் அரை மணித்தியாலம். எங்கள் வாசற்படியை ஒருநாளும் மிதித்ததில்லை, அம்மா விட்டதில்லை.

“அவன்ரை பேர் வரப்படாது,” என்றார் அம்மா.

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கின்மேல்தான். அன்றைக்கு அதை அடக்கிக்கொண்டு, உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசு காலத்தில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் ஒரு யூதப் பெண்மணி பேசியதைச் சொன்னேன். ஆபிரகாமின் மூத்த மகன் இஸ்மயேலையும் அவன் தாய் ஆகாரையும், ஈசாக்கைப் பெற்ற மனைவி சாரா துரத்திய கதை எங்களுக்குத் தெரியும். ஆனால் ஆபிரகாமை அடக்கம் செய்தவர்கள் ‘ஈசாக்கும் இஸ்மயேலும்’ என்று வேதத்தில் இருக்கிறதே, மூத்தவன் ஏன் பின்னால் வருகிறான்? யூதர்களின் பழைய உரையாசிரியர்கள் அதைச் சும்மா விடவில்லை. இஸ்மயேல் மனம் திரும்பி, தம்பியைத் தானே முன்னே போகவிட்டான் என்று உரை சொன்னார்கள். அதைக் கேட்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் நான்தானே ஈசாக்கு. நான் யாருக்கு என்ன விட்டுக்கொடுத்தேன்?

அம்மா முழுவதையும் கேட்டார்.

“சாரா அதுக்கு முதலே செத்துப்போனா. நான் உயிரோடை இருக்கிறன்.”

வேதம் தெரிந்த மனுஷியிடம் வாயைக் கொடுத்தால் இப்படித்தான். நானும் அவர் பெற்ற பிள்ளைதானே, விடவில்லை.

“ஓம். அந்தப் பிள்ளையைத் திரும்பக் கூப்பிடச் சாராவுக்குக் குடுத்துவைக்கேல்லை. உங்களுக்கு இன்னும் நேரமிருக்கு.”

அம்மா எழுந்துபோய்த் தேத்தண்ணி போட்டார். ஒரு கோப்பையை என் முன்னால் வைத்துவிட்டு, பேனாவைப் பறித்து, அண்ணையின் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். மூத்தவர் முதலில். அடுத்ததாக நான். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. செத்த வீட்டில் குதிக்க ஏலாது, அதனால் தொலைபேசியை எடுத்தேன்.

“அண்ணை, அம்மா உங்களை வரச் சொல்லுறா.”

அவர் அழுதது கேட்டது. பிறகு, “வாறன் தங்கச்சி,” என்றார்.

அடக்கத்தன்று அவர் கூட்டத்தின் கடைசியில் ஒதுங்கி நின்றார். அம்மா திரும்பிப் பார்த்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழியருகே விட்டார். முதல் மண்ணை அண்ணைதான் போட்டார்.

பிறகு மண்டபத்தில் எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி, விஷயம் தெரிந்திருந்தும், அம்மாவிடம் வந்து குனிந்தாள்.

“ஆர் அக்கா அந்தப் பெடியன்?”

அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. “என்ரை மூத்த மகன். அறிவித்தலிலை பேர் முதலாவதாக் கிடக்கு. வாசிக்கேல்லையோ?”