அச்சில் வந்தால்தான் சாட்சி

லீட்ஸ் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடித்த ஐவி கிராப்ட்ரீ, பதினோரு வருடம் எங்கள் ஆங்கில அகராதிக்குச் சீட்டு எழுதினார். வாசிப்பில் ஒரு சொல் தட்டுப்பட்டால் வாக்கியம், தேதி, பக்கம் எல்லாவற்றையும் குறித்து அனுப்ப வேண்டும். கூலி கிடையாது. மற்றவர்கள் வாயில் நுழையாத சொற்களாகத் தேடி அனுப்பிப் பீற்றிக்கொள்வார்கள். ஐவி பிடித்துக்கொண்டது 'பேர்' (bear) என்ற சாதாரண ஆங்கில வினை ஒன்றைத்தான். மூட்டை சுமந்தாலும் அதுதான், பிள்ளை பெற்றாலும் அதுதான், மரம் காய்த்தாலும் வலி பொறுத்தாலும் அதுதான். பல ஆயிரம் வருடம் முந்திய அதன் வேரிலிருந்துதான், வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'பாரம்' என்ற சொல்லும் கிளைத்தது. அதைப் படித்த அன்று எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

1968இல் ஒரு நாள் ஐவி, நான் வேலை பார்த்த அகராதி அலுவலகத்துக்கு நேரிலேயே வந்து ஒரு சீட்டை நீட்டினார். தேதியும் இல்லை, பக்கமும் இல்லை.

"இதை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"யாரும் எழுதல கண்ணு. நான் சொன்னது."

ஆசிரியர் பூத்ராய்டுக்குப் பாம்புச் செவி. "வாயால சொன்னதெல்லாம் செல்லாது மிசஸ் கிராப்ட்ரீ. அச்சுல வந்தாத்தான் சாட்சி. விட்டா என் பூனை சொன்னதையும் கொண்டாருவீங்க!"

"உங்க பூனை உங்களவிட நல்லாவே பேசும்."

ஐவி சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "நான் அனுப்பின மத்ததெல்லாம் கிழிச்சுப் போடு கண்ணு. இது ஒண்ணு மட்டும் உள்ள போயிடணும்."

மறுவாரம் தபாலில் வந்தது, உள்ளூர்ப் பத்திரிகையின் நினைவஞ்சலிப் பக்கத்திலிருந்து கத்தரித்து ஒட்டிய சீட்டு. தேதி, பக்கம் எல்லாம் கச்சிதம்.

'டெரிக். பிறந்ததும் இறந்ததும் 3 மார்ச் 1938. ஒன்பது மாதம் சுமந்தேன். உன்னைப் பெற்றேன். முப்பது வருடமாகப் பொறுக்கிறேன். அம்மா.'

ஆங்கிலத்தில் மூன்றும் அந்த ஒரே வினை. இத்தனை வருடத்தில் ஐவிக்கு ஒரு பிள்ளை இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. இந்தச் சின்னச் சொல் இத்தனையையும் எப்படித் தாங்குகிறது என்று மலைத்துப்போய் நின்றேன்.

சீட்டைப் பூத்ராய்டிடம் கொண்டுபோனேன். தானே எழுதி அச்சேற்றியதும் செல்லாது என்று இன்னொரு விதி உண்டு. கிழித்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அச்சுல வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

"அப்புறம் என்ன நிக்கிற? பெட்டில போடு."

"பெட்டில எந்த அறையில சார்? சுமக்கிறதுக்கு ஒண்ணு, பெறுறதுக்கு ஒண்ணு, பொறுக்கிறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கே."

"மூணு பிரதி எழுது. மூணுலயும் போடு."

வாக்கியம், தேதி, பக்கம் மட்டும் எழுதினால் போதும் என்பதுதான் விதி. நான் மூன்றிலும் டெரிக்கின் பெயரையும் சேர்த்தே எழுதினேன்.