சிமெண்டுத் தரையில் எடுத்த அளவு

என் மச்சானின் மூக்கு இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். பிறவியில் அப்படியில்லை. வீல் ஸ்பேனரால் நான் அடித்ததில் அப்படி ஆனது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி ஐந்து நிமிடம், மழை. என் நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் "டயர் உரசியது, ஐம்பது நிமிடம் தாமதம்" என்று மட்டும்தான் இருக்கிறது. இருபத்தாறு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். அவ்வளவு சுருக்கமான பக்கம் வேறு இல்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. அவளுக்கு மூன்று வருடத்துக்கு முன் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் காலை எட்டு மணிக்குள் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அங்கே நாலு மணி நேரம் இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும். அதற்காக அவளுடைய இடது கையில், முழங்கைக்குக் கீழே, இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடம் கயிறு போல் புடைத்திருக்கும். விரலை வைத்தால் ஓடும் என்ஜின் மேல் வைத்தது போல அதிரும். அங்கே அடிபடவே கூடாது, பட்டால் ரத்தம் பீய்ச்சும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

எங்கள் லயத்து வீடு தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் இருக்கிறது. தார் ரோட்டுக்கு வர நாலு கிலோமீட்டர் மண்பாதை. இலை ஏற்றும் லாரிகள் அந்தப் பாதையைத் தினமும் கிழிக்கும். சக்கரத்தடம் இரண்டும் பள்ளமாகப் போய், நடுவில் மண்மேடு முதுகெலும்பு போல எழும்பி நிற்கும். நாலு சக்கரமும் இழுக்கும் எங்கள் பழைய போர்வீல் வண்டி அதன்மேல் போகும்போது, அடியில் அச்சில் தொங்கும் இரும்புக் குண்டை அந்த மேடு விடாமல் குத்தும். ஒவ்வொரு குத்துக்கும் மனைவி வலது கையால் இடது கையை மூடிக்கொள்வாள்.

ஒரு வியாழக்கிழமை வண்டி அந்த மேட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. நாலு சக்கரமும் சேற்றை வாரி அடித்தனவே தவிர ஓர் அடி நகரவில்லை. இலை லாரி வந்து இழுத்தபோது மணி பன்னிரண்டு. அன்றைய முறை போய்விட்டது. மறுநாள் விடிவதற்குள் அவள் நுரையீரலில் நீர் ஏறிவிட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் மூழ்குகிறவள் போல வாயைத் திறந்து திறந்து மூடினாள். இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே இரும்பு அடிக்கோலை எடுத்துக்கொண்டு பாதை முழுக்க நடந்தேன். மேட்டின் அதிகபட்ச உயரம் ஒன்பதரை அங்குலம். வண்டியின் அடி இரும்புக்கும் தரைக்கும் எட்டு. டயரின் மொத்த உயரம் எவ்வளவு கூடுகிறதோ அதில் பாதிதான் வண்டி உயரும். எங்கள் டயர் இருபத்தொன்பது அங்குலம். முப்பத்திரண்டு போட்டால் மேட்டைச் சரியாகத் தொடும். முப்பத்து மூன்று போட்டால் அரை அங்குலம் தப்பிக்கும்.

மச்சானுக்கு இந்தக் கணக்கே பிடிக்கவில்லை. அவன் காய்கறித் தோட்டத்தில் லாரி ஓட்டுகிறவன். அதற்கு முன் பதினோரு வருடம் முட்டைக்கோஸ் ஏற்றும் பழைய போர்வீல் ஓட்டியவன்.

"முப்பத்து மூணுல வர்றதெல்லாம் அகல டயர் மாமா. சேத்து மேல மெதக்கும். ஒல்லி டயர் போடுங்க, வெட்டிக்கிட்டுப் போயி அடிக்கல்லுல நிக்கும்."

"ஒல்லி டயர் முப்பத்திரண்டுதான். அரை இஞ்ச் பத்தாது."

"வண்டிய ஒசத்துறதுக்கு மேட்ட எறக்குனா என்னா? மம்பட்டி இல்ல வீட்ல?"

"லாரிக்காரன் வாரா வாரம் ஏத்திடுவான்."

"அப்ப வாரா வாரம் வெட்டுங்க. புக்கு எழுதுற நேரத்துல செய்யலாம்லா."

ரிங்லெட் டவுனில் டயர் கடை வைத்திருக்கும் சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவரும் வேண்டாமென்று தலையை ஆட்டினார். முப்பத்து மூன்றை உருட்டிக் கொண்டுவந்து வண்டியோரம் நிறுத்திவிட்டு, "கிராணி, இது பெசார்லா. திரும்பினா இடிக்கும்" என்றார். பெரியது என்று எனக்குத் தெரியாதா? நான் தொழிற்சாலையில் இலை நிறுக்கும் கிராணி. தராசு முள் ஒரு கோடு தள்ளினாலும் எனக்குத் தெரியும். போட்டுத்தான் பார்ப்போம் என்றேன்.

பழைய டயரைக் கழற்றியதை அருகில் நின்று பார்த்தேன். இயந்திரத்தின் இரும்பு அலகு ரப்பருக்கும் ரிம்முக்கும் நடுவில் நுழைந்து நெம்பியது. எலும்பு கழல்வது போன்ற சத்தத்தோடு டயர் விட்டுக்கொடுத்தது. புதியதில் காற்று ஏறும்போது இரண்டு முறை துப்பாக்கி போல வெடித்தது. தவுக்கே கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அந்த மேட்டை இது நசுக்கும் என்று நினைத்தேன்.

மாலையில் தொழிற்சாலையின் சிமெண்டுத் தரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை முழுக்க இடமும் வலமும் ஒடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். மிகக் குறைந்த இடத்தில் ஒன்றேகால் அங்குலம். மச்சான் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி உங்க சிமெண்டுலயா மாமா ஓடுது?"

அளவை நாட்குறிப்பில் எழுதினேன்.

முதல் இரண்டு பயணமும் காய்ந்த பாதையில் நன்றாகவே நடந்தன. அடியில் ஒரு குத்துகூட இல்லை. மனைவி கையை மூடாமல் உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டிலிருந்த மச்சானை நான் கண்ணாடியில் பார்த்தேன். அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை முந்தின நாளிலிருந்தே மழை. தண்ணீர்த் தொட்டியருகே பாதை வலப்பக்கம் முழுக்க மடங்கி இறங்கும். வெளிப்பக்கம் தேயிலைச் சரிவு. நான் பிரேக்கை அழுத்தி ஸ்டியரிங்கை ஒடித்தேன். இறக்கத்தில் வண்டியின் பாரம் முழுவதும் இடது முன்சக்கரத்தில் விழுந்தது. ஸ்பிரிங் அமுங்கியது. சிமெண்டுத் தரையில் இருந்த ஒன்றேகால் அங்குலம் இல்லாமல் போயிற்று. மட்கார்டு ரப்பரைக் கடித்தது. ஸ்டியரிங் பாதியில் கல்லாக நின்றுவிட்டது. வண்டி நேராகப் போய், இடது சக்கரம் விளிம்பைத் தாண்டி ஒரு தேயிலைச் செடியின் தூரில் ஏறி மோதியது.

மனைவி கதவில் போய் மோதினாள். கண்ணாடி இறக்கும் கைப்பிடி அவளுடைய இடது கையில், சனிக்கிழமை ஊசி குத்திய இடத்தில், இறங்கியது.

அவள் கத்தவில்லை. "கையில பட்டுருச்சு" என்றாள். ரத்தம் துடித்துத் துடித்து எழும்பி டாஷ்போர்டில் தெறித்தது. கட்டக்கூடாது, விரலால் அழுத்த வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பையிலிருந்த பஞ்சை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள். விரலைச் சுற்றிச் சிவப்பு கசிந்து முழங்கையில் சொட்டியது.

மட்கார்டை அடித்து மடக்கினால்தான் சக்கரம் திரும்பும். வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மச்சான் ஏற்கெனவே இறங்கி அக்காவின் கையைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்திருந்தான்.

"எழுதிக்குங்க மாமா, புக்குல எழுதிக்குங்க. கிராணி அளந்தாரு. எங்கக்கா செத்தா."

அடித்தேன். ரத்தத்தைப் பார்த்த பிறகு, ஒவ்வொரு நிமிடமும் என்ன விலை என்று தெரிந்த பிறகு அடித்தேன். இரும்பு அவன் முகத்தில் பட்ட சத்தம், பச்சைக் கிளை முறிகிற சத்தம். அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டு, உடனே எழுந்து என் வயிற்றில் தலையால் முட்டினான். இருவரும் விழுந்தோம். என் காதைப் பிடித்து மண்ணில் தேய்த்தான். நான் முட்டியால் அவன் நெஞ்சில் இடித்தேன். எனக்கு ஐம்பத்து மூன்று வயது, அவனுக்கு நாற்பத்தைந்து. அவன் விடுவித்துக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனான். திரும்பியபோது கையில் பாராங் இருந்தது. பாதையில் விழும் மரங்களை வெட்ட நாங்கள் வைத்திருக்கும் நீளக் கத்தி. அவனுடைய மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் ஓடியது. பாராங்கை ஓங்கினான். நான் ஸ்பேனரை ஓங்கினேன்.

"வெட்டுறதா இருந்தா செடிய வெட்டுடா!" என்றாள் மனைவி. கதவைக் காலால் உதைத்துத் திறந்திருந்தாள். "இவர அப்புறம் வெட்டிக்கலாம். என் வெரல் மரத்துப் போச்சு."

அவன் அப்படியே நின்றான். பிறகு திரும்பிச் செடியை வெட்டினான். சக்கரத்தின் கீழிருந்த தூரை, என்னை வெட்டியிருந்தால் எப்படி வெட்டியிருப்பானோ அப்படி வெட்டினான். சக்கரம் சற்றே கீழே இறங்கியது. நான் மட்கார்டை அடித்தேன். தகரம் கிழிந்து உள்ளே மடங்கும்வரை அடித்தேன். அவன் என்னைத் தள்ளிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ரிவர்ஸ் போட்டான். எஞ்சிய தகரம் ரப்பரைச் சீவிச் சீவி எறிய, வண்டி அலறிக்கொண்டு பாதைக்கு ஏறியது. நான் ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஏறினேன். அங்கிருந்து கை நீட்டி, அவள் கட்டைவிரல் மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். தானா ராத்தா வரும்வரை எடுக்கவில்லை. விரலுக்கு அடியில் அந்த அதிர்வு இருந்துகொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தை நிறுத்தி, கையில் வேறிடம் பார்த்து ஊசி குத்தி இயந்திரத்தில் போட்டார்கள். நர்ஸ் மச்சானின் முகத்தைப் பார்த்து, "இது என்னாண்ணே?" என்றார்.

"டயர் அடிச்சிருச்சு" என்றான்.

மறுநாள் ரிங்லெட்டுக்குப் போனோம். தவுக்கே எங்கள் இருவருடைய முகத்தையும் பார்த்தார், கிழிந்த மட்கார்டைப் பார்த்தார், முப்பத்திரண்டு அங்குல ஒல்லி டயர்களை உருட்டி வந்தார்.

இந்த முறை சிமெண்டுக்குப் போகவில்லை. தண்ணீர்த் தொட்டி வளைவிலேயே நிறுத்தினோம். சீட்டுகளில் எங்கள் எடைக்கு உரமூட்டைகளை ஏற்றினோம். மச்சான் இடது சக்கரத்தைத் தூர் இருந்த மேட்டின் மேல் ஏற்றினான். ஸ்பிரிங் முழுக்க அமுங்கியது. கிழிந்த தகரம் மறித்ததால் அந்த இடைவெளியில் நீள அடிக்கோல் நுழையவில்லை. நான் கையை விட்டேன்.

"கைய எடுங்க மாமா."

"திருப்பு."

"வெரல் போயிரும். எடுங்க."

"திருப்புடா."

அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தான். மூக்கு பிளாஸ்திரிக்குள் வீங்கியிருந்தது, கண்ணுக்கடியில் கறுத்திருந்தது. பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். டயர் மெல்லத் திரும்பியது. ரப்பர்ப் பற்கள் ஒவ்வொன்றாக என் புறங்கையைத் தொட்டு நகர்ந்தன. மட்கார்டின் கிழிந்த ஓரம் உள்ளங்கைப் பக்கம் குத்தியது. கையை எடுத்துவிடலாமென்று ஒரு கணம் நினைத்தேன். டயர் முழுக்க ஒடிந்து நின்றது.

"எவ்வளவு?"

"மூணு விரல்."

"அப்ப எடுங்க."

வியாழக்கிழமை காலை நான் ஓட்டுநர் கதவைத் திறந்தபோது, "நீங்க பின்னால" என்றாள் மனைவி. அன்றிலிருந்து வாரம் மூன்று நாளும் மச்சான்தான் ஓட்டுகிறான். வேலைக்கு நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டான். மேட்டின் அரை அங்குலத்தை ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மண்வெட்டியால் சீவுகிறேன். லாரிக்காரன் ஏற்றத்தான் செய்கிறான். வீல் ஸ்பேனரையும் பாராங்கையும் அவள் தன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறாள். டயர் மாற்ற வேண்டுமென்றால் அவளிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.